மூன்றாவது வாரக் காய்ச்சல்

வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். முதலில் காய்ச்சல். இரண்டொரு நாளில் முகத்திலும் மார்பிலும் சிவந்த தடிப்பு. பிறகு அது உடல் முழுக்கப் படர்ந்து, வாய் வெந்து, கண் சிவந்து, சிலருக்குத் தோலே உரியத் தொடங்கும். இரத்தத்தைச் சோதித்தால் கல்லீரலும் கெட்டிருக்கும். வலி மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா, மஞ்சள் காமாலையா, தட்டம்மையா என்று மருத்துவர்கள் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவார்கள். தொழிற்சாலையில் எந்தத் திரவத்தில் உலோகப் பாகங்களை முக்கி எடுத்துக்கொண்டிருந்தாய் என்று யாராவது கேட்டால்தான் விடை கிடைக்கும்.

சிங்கப்பூரில் அப்படிக் கேட்ட மருத்துவர்கள் இருந்தார்கள். 1984-ல் 'காண்டாக்ட் டெர்மடைட்டிஸ்' என்ற தோல்நோய் ஆய்விதழில் ஒரு சிறிய கட்டுரை வந்தது. டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பானோடு வேலை செய்த ஐந்து சிங்கப்பூர்த் தொழிலாளர்களுக்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்ற கொடிய தோல் அழற்சி வந்ததை அது பதிவு செய்தது. எழுதியவர்களின் பட்டியலில் வி.எஸ். ராஜன், டி. திருமூர்த்தி என்ற பெயர்களும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பல ஆண்டுகளாக உலகமெங்கும் பயன்பட்டுவந்த ஒரு சாதாரணத் திரவம், சிலரது உடலில் மூன்றே வாரத்தில் தோலையும் கல்லீரலையும் ஒருசேரத் தாக்க முடியும் என்பதற்கு இந்தத் தீவின் தொழிலாளர்களின் உடல்கள் சாட்சியாயின.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இங்கே தெரிந்த செய்தி இது. இன்று சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் தொழிற்பகுதியில் வேலைக்குச் சேரும் புதுக்கோட்டைப் பையன் இதைக் கேள்விப்பட்டிருக்கிறானா என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்த கேள்வி.

உட்லண்ட்ஸைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் கரைப்பான்களின் முழுக் குடும்பமும் அதற்குள் வந்துவிடும். மேற்கே சுங்கை காடுட்டில் மரச்சாமான் பட்டறைகள்: லாக்கர், வார்னிஷ், அவற்றை இளக்கும் தின்னர். கிழக்கே செம்பவாங்கில் கப்பல் பட்டறை: தொட்டிகளுக்குள் இறங்கி அடிக்கும் பெயிண்ட், அதில் சைலீன். நடுவில் உட்லண்ட்ஸ் தொழிற்பேட்டையின் அடுக்குமாடித் தொழிற்கூடங்களில் அச்சகங்கள், உலோகப் பாகம் செய்யும் பட்டறைகள், மின்னணுப் பாகங்களை ஒட்டும் மேசைகள். பக்கத்திலேயே சிலிக்கான் சில்லுகள் செய்யும் வேஃபர் பூங்கா. பிசுக்கு நீக்குவது, பசையை இளக்குவது, மையைக் கழுவுவது, பெயிண்டைப் பரப்புவது, கண்ணாடியைத் துடைப்பது என்று எந்த வேலையாக இருந்தாலும் ஒரு கரைப்பான் வேண்டும். தொழிலாளர் வாயில் இவை எல்லாவற்றுக்கும் இரண்டே பெயர்தான். ஒன்று தின்னர், இன்னொன்று கெமிக்கல். பீப்பாயின் மேல் ஒட்டியிருக்கும் நீண்ட ஆங்கிலப் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. ஆபத்தின் அளவோ முழுக்க முழுக்க அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

இந்தத் திரவங்கள் ஏன் உடம்பைத் தாக்குகின்றன? அவற்றை நாம் எதற்காக வாங்குகிறோமோ அதே குணத்தால்தான். தண்ணீரால் போகாத கிரீஸ் இவற்றில் கரையும். மனித உடலில் கொழுப்பு என்பது வயிற்றைச் சுற்றியிருக்கும் சதை மட்டும் இல்லை. ஒவ்வோர் உயிரணுவின் உறையும் கொழுப்பால் ஆனது. நரம்பைச் சுற்றியிருக்கும் உறை கொழுப்பு, மூளையிலும் கொழுப்பு நிறைய உண்டு. கொழுப்பை விரும்பும் மூலக்கூறு உள்ளே போனால் நேராக அங்கேதான் போய் உட்காரும். உள்ளே போவதும் எளிது. கரைப்பான்கள் சீக்கிரம் ஆவியாகும். ஆவி நுரையீரல் வழியாகச் சில நொடிகளில் இரத்தத்தில் கலக்கும். தோல் வழியாகவும் நுழையும். வேலை முடிந்ததும் கையிலிருக்கும் பெயிண்டைத் தின்னரில் நனைத்த துணியால் துடைக்கும் பழக்கம் எல்லாப் பட்டறைகளிலும் உண்டு. அது தோலின் இயற்கை எண்ணெயைக் கழுவி எடுத்துவிட்டு, அடுத்து வரும் நஞ்சுக்குக் கதவைத் திறந்து வைக்கிறது.

உள்ளே வந்ததை வெளியேற்றும் பொறுப்பு கல்லீரலுடையது. கொழுப்பில் கரைவதைத் தண்ணீரில் கரைவதாக மாற்றினால்தான் சிறுநீரில் அனுப்ப முடியும். கல்லீரலின் நொதிகள் அதற்காக அந்த மூலக்கூறை உடைக்கின்றன. டொலுவீன் இப்படி உடைந்து ஹிப்பூரிக் அமிலமாக வெளியேறுகிறது. அதில் பெரிய கேடில்லை. ஆனால் வேறு சில கரைப்பான்கள் உடையும்போது உண்டாகும் துண்டு, மூலப்பொருளைவிடக் கொடியதாக இருக்கும். பெயிண்டை உரித்தெடுக்கும் மெத்திலீன் குளோரைடு உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டியவர் சாவது எந்த வாயுவாலோ அந்த வாயுவை இவர் உடலே தயாரிக்கிறது. மதுவையும் கரைப்பான்களையும் உடைக்கும் வேலையில் ஒரே நொதிக்குப் பங்கிருப்பதால், வேலை முடிந்து குடிக்கும் பியரும் இந்தக் கணக்கில் குறுக்கே வரும். டிரைகுளோரோஎத்திலீனில் வேலை செய்பவர் சிறிது குடித்தாலே முகமும் கழுத்தும் குப்பென்று சிவந்துபோவதை மருத்துவ இலக்கியம் பல காலமாகப் பதிவு செய்திருக்கிறது.

அந்த மூன்றாவது வாரக் காய்ச்சலுக்குத் திரும்புவோம். சிங்கப்பூர்க் கட்டுரை வந்தபோது இது அபூர்வமான தற்செயலாகத் தோன்றியிருக்கக்கூடும். 1990களில் தெற்குச் சீனாவில் மின்னணு, உலோகத் தொழிற்சாலைகள் காளான்களாய் முளைத்தபோது அதே நோய் நூற்றுக்கணக்கில் வந்தது. அதே வரிசை: சேர்ந்து இரண்டு முதல் ஐந்து வாரத்துக்குள் காய்ச்சல், தடிப்பு, கல்லீரல் அழற்சி, சிலருக்கு மரணம். ஒரே அறையில், ஒரே தொட்டியருகில் நின்ற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஒன்றுமில்லை, ஒருவர் மட்டும் ஏன் விழுகிறார்? 2007-ல் சீன ஆய்வாளர்கள் ஒரு விடையைக் கண்டார்கள். நோய் எதிர்ப்பு மண்டலத்தில் அந்நியப் பொருளை அடையாளம் காட்டும் மரபணுக்களில் எச்.எல்.ஏ.-பி 13:01 என்ற வகை உடையவர்களுக்கு இந்த ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிக அதிகம். ஆறு ஆண்டுகள் கழித்து, தொழுநோய்க்குத் தரும் டாப்சோன் மாத்திரையால் சிலருக்கு வரும் கடும் ஒவ்வாமைக்கும் இதே மரபணு வகைதான் காரணம் என்று தெரிந்தது. ஐரோப்பியர்களிடமும் ஆப்பிரிக்கர்களிடமும் அநேகமாக இல்லாத இந்த வகை, சீனர்களில் நூற்றுக்கு 2 முதல் 20 பேரிடமும், இந்தியர்களில் 1 முதல் 12 பேரிடமும், தென்கிழக்காசியர்களில் 2 முதல் 4 பேரிடமும் இருக்கிறது.

இந்த எண்களைப் படிக்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. மேற்குலகத் தொழிற்சாலைகளில் டிரைகுளோரோஎத்திலீன் நீண்டகாலம் பயன்பட்டும் இந்த நோய் கண்ணில் அவ்வளவாகப் படவில்லையென்றால், அதற்கு அங்கே நின்றவர்களின் மரபணுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். ஓரிடத்தில் பழகிய பொருள் என்பதாலேயே அதை இன்னொரு மக்களிடம் நம்பிக் கொடுக்க முடியாது. இதையே தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வேலைக்கு எடுக்கும் முன் இரத்தம் எடுத்து மரபணுவைப் பார்த்து ஆளைக் கழித்துவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. இதே திரவம் சிறுநீரகப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதிசெய்து, 2012-ல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை முதல் பிரிவில் சேர்த்தது. மரபணு எதுவானாலும் அந்த ஆபத்து எல்லோருக்கும் உண்டு. 2024 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதன் எல்லாப் பயன்பாடுகளுக்கும் தடை அறிவித்தது. மாற்ற வேண்டியது திரவத்தை. ஆளை மாற்றுவதால் எதுவும் தீராது.

தோல் உரிவதாவது கண்ணுக்குத் தெரியும். டொலுவீன் செய்வது தெரியாது. லாக்கர், பசை, அச்சு மை எல்லாவற்றிலும் இருக்கும் இந்தத் திரவத்தைப் பற்றிச் சிங்கப்பூரில் நடந்த இரண்டு ஆய்வுகள் உலகம் முழுதும் எடுத்துக்காட்டப்படுபவை. முதலாவது 1990-ல் வந்தது. எழுதிய மூவரில் ஒருவர், இலங்கையிலிருந்து வந்து சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொழில்நல மருத்துவத்தை வளர்த்த பேராசிரியர் ஜெ. ஜெயரத்தினம். அனைத்துலகத் தொழில்நல ஆணையத்திலும் பொறுப்பு வகித்தவர். மின்னணுப் பாகங்களைப் பொருத்தும் ஒரு தொழிற்சாலையில் டொலுவீனோடு வேலை செய்த 30 பெண்களையும், அதிகம் படாத 30 பெண்களையும் ஒப்பிட்டார்கள். முதல் குழுவினர் சுவாசித்த காற்றில் வேலை நேரச் சராசரியாகப் பத்து லட்சத்தில் 88 பங்கு டொலுவீன். இரண்டாவது குழுவினரிடம் 13 பங்கு. சோதனைகள் எளியவைதான். சிறு துளைகளில் முளைகளை வேகமாகச் செருகுவது, எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது, தாளில் சிதறிக் கிடக்கும் எண்களை வரிசைப்படி கோடிழுத்து இணைப்பது, பார்த்த படத்தை நினைவிலிருந்து வரைவது. கை நுட்பம், கண்ணால் தேடும் திறன், நினைவு மூன்றிலும் முதல் குழுவினர் பின்தங்கினார்கள். அவர்கள் நோயாளிகள் இல்லை. தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள். வீட்டில் சாவியை வைத்த இடம் மறந்தால் வயதாகிறது என்றோ தூக்கம் போதவில்லை என்றோ அவர்கள் நினைத்திருப்பார்கள்.

இரண்டாவது ஆய்வு 1992-ல் வந்தது. ஒலிபெருக்கி செய்யும் ஒரு தொழிற்சாலை. பசையிலிருந்து எழும் டொலுவீன் 50 முதல் 150 பங்கு வரை, சராசரி 88. அந்தக் காற்றில் வேலை செய்த 55 பெண்களின் 105 கருக்களில் நூற்றுக்கு 12.4 வீதம் தானாகக் கலைந்தன. அதே ஆலையில் டொலுவீன் அதிகம் படாத பகுதியிலிருந்த 31 பெண்களின் 68 கருக்களில் இது 2.9 வீதம். வெளியிலிருந்து ஒப்பீட்டுக்கு எடுத்த 190 பெண்களின் 444 கருக்களில் 4.5 வீதம். சிறிய ஆய்வு என்பது உண்மை. இதை மட்டும் வைத்து எல்லாவற்றையும் தீர்மானிக்க முடியாது. ஆனால் 105-இல் 12.4 வீதம் என்றால் பதின்மூன்று கருக்கள். அந்தப் பதின்மூன்றில் எத்தனை பேரிடம், நீ என்ன செய்தாய், என்ன சாப்பிட்டாய், ஏன் படியேறினாய் என்று வீட்டில் கேட்டிருப்பார்கள்?

அந்த 88 என்ற எண்ணைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். அன்று அமெரிக்க அரசுசாராத் தொழில் சுகாதார வல்லுநர் அமைப்பு பரிந்துரைத்த வரம்பு 100 பங்கு. அதாவது அந்தப் பெண்கள் சுவாசித்த சராசரிக் காற்று, அன்றைய அறிவின்படி 'பாதுகாப்பான' பக்கத்திலேயே இருந்தது. அதே அமைப்பு அந்த வரம்பை 1990களின் தொடக்கத்தில் 50 ஆகவும், பின்னர் 20 ஆகவும் குறைத்தது. வரம்புக்குக் கீழே இருக்கிறோம் என்று ஒரு மேலாளர் சொன்னால், எந்த ஆண்டின் வரம்பு என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இன்னொரு கேள்வியும் உண்டு: எத்தனை மணி நேரத்துக்கான வரம்பு? இந்த எண்கள் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பது மணி வேலையை மனத்தில் வைத்துப் போடப்பட்டவை. எட்டு மணி வேலைக்குப் பின் பதினாறு மணி ஓய்வில் உடல் உள்ளே போனதைக் கழித்துவிடும் என்பது அடிப்படை. உட்லண்ட்ஸில் எட்டு மணியோடு யார் நிறுத்துகிறார்கள்? ஓடி என்ற கூடுதல் நேர வேலை பார்த்தால்தான் ஊருக்கு அனுப்பக் காசு மிஞ்சும். சிங்கப்பூர்ச் சட்டமே ஓடியோடு சேர்த்து நாளுக்குப் பன்னிரண்டு மணி வரை அனுமதிக்கிறது. பன்னிரண்டு மணி என்றால் சுவாசிக்கும் நேரம் ஒன்றரை மடங்காகிறது, கழிக்கும் நேரம் பதினாறிலிருந்து பன்னிரண்டாகக் குறைகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் ஒரு எளிய சூத்திரம் 1975 முதல் தொழில் சுகாதாரத் துறையில் புழக்கத்தில் இருக்கிறது. எட்டைப் பன்னிரண்டால் வகுத்து, பன்னிரண்டைப் பதினாறால் வகுத்து, இரண்டையும் பெருக்கினால் வருவது சரியாக அரை. பன்னிரண்டு மணி வேலைக்கு வரம்பு பாதியாக வேண்டும். ஓடிக்குக் கூலி ஒன்றரை மடங்கு என்ற கணக்கு எல்லாருக்கும் மனப்பாடம். இந்த இரண்டாவது கணக்கையும் அதே அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேகத்துக்கும் நஞ்சுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள 2009-இல் சீனாவின் சூச்சோவில் நடந்ததைப் பார்க்கலாம். ஆப்பிள் நிறுவனத்துக்காகத் தொடுதிரைகள் செய்த ஓர் ஆலையில், கண்ணாடியைத் துடைக்க ஆல்கஹாலுக்குப் பதிலாக ஹெக்சேனைக் கொண்டுவந்தார்கள். காரணம், அது ஆல்கஹாலைவிடச் சீக்கிரம் உலரும். நிமிடத்துக்கு இன்னும் சில திரைகள் கூடுதலாகத் துடைக்கலாம். சீக்கிரம் உலர்வது என்றால் சீக்கிரம் காற்றில் கலப்பது. மூடிய அறை, போதாத காற்றோட்டம். 137 தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதாக ஆப்பிளே 2011-இல் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஹெக்சேனைக் கல்லீரல் உடைக்கும்போது 2,5-ஹெக்சேன்டையோன் என்ற பொருள் உண்டாகிறது. அது நரம்பிழைகளுக்குள் இருக்கும் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துச் சிக்கலாக்கிவிடும். நீளமான நரம்புகளின் நுனியில்தான் முதல் பாதிப்பு. ஆகவே பாதத்தில் மரமரப்பு, பிறகு விரல்களில், பிறகு கால் தூக்க முடியாத பலவீனம். படியில் தடுக்கும், சட்டைப் பித்தானைப் போட முடியாது. மனத்தை மிகவும் உலுக்குவது இதன் காலக்கணக்கு: வேலையை விட்டு நின்ற பிறகும் சில மாதங்களுக்கு நோய் முற்றிக்கொண்டே போகும். ஊருக்குப் போன பிறகுதான் நடக்க முடியாமல் போனது, ஆகவே வேலைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று யாராவது வாதாடினால், அறிவியல் அதை ஏற்காது.

நஞ்சை மாற்றுங்கள் என்று மேலே எழுதினேன். மாற்றுவதிலும் கவனம் வேண்டும். ஓசோன் படலத்தைக் காக்க ஃபிரியான் வகைக் கரைப்பான்களை உலகம் கைவிட்டபோது, தென்கொரியாவின் ஒரு மின்னணு ஆலை அதற்குப் பதில் 2-புரோமோபுரொப்பேனைக் கொண்டுவந்தது. நச்சுத்தன்மை சரியாக ஆராயப்படாத பொருள். 1995-ல் அங்கே வேலை செய்த இளம்பெண்கள் பலருக்கு மாதவிடாய் நின்றுபோனது தெரியவந்தது. சோதித்ததில் கருப்பைக்குப் பக்கத்திலிருக்கும் சினைப்பைகளே செயலிழந்திருந்தன. ஆண்களுக்கு விந்தணுக்கள் குறைந்திருந்தன. வானத்துக்கு நல்லதென்று கொண்டுவந்தது, அறைக்குள் இருந்தவர்களைத் தாக்கியது.

சில்லுத் தொழிற்சாலைகளின் 'தூய அறை' என்ற சொல்லும் பலரை ஏமாற்றுகிறது. வெள்ளை உடை, முகமூடி, கண்ணாடிபோன்ற தரை. அந்தத் தூய்மை வேஃபர் எனும் சிலிக்கான் தகட்டுக்காக. அங்கே ஓயாமல் சுழலும் காற்றைத் தூசு வடிகட்டிகள் சலிக்கின்றன. கரைப்பானின் ஆவி அந்த வடிகட்டிகளில் நிற்காது. 1980களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹட்சனில், டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தின் சில்லு ஆலையில் பெண் தொழிலாளர்களிடையே கருச்சிதைவு அதிகம் என்று ஓர் ஆய்வு காட்டியது. பின்வந்த பெரிய ஆய்வுகள் எத்திலீன் கிளைக்கால் ஈதர் வகைக் கரைப்பான்களைக் குற்றவாளியாகச் சுட்டின. அமெரிக்கத் தொழில்துறை அவற்றைக் கைவிட்டது. இன்றைய ஆலைகளில் பெரும்பகுதி இயந்திரங்களுக்குள்ளேயே நடக்கிறது, அது பெரிய முன்னேற்றம். ஆனால் இயந்திரத்தைத் திறந்து கழுவிப் பழுது பார்க்கும் வேலை மனிதருடையதுதான். பெரும்பாலும் அது ஒப்பந்தக்காரரின் ஆளாக இருக்கும்.

பட்டறைகளில் சொல்லப்படும் சில நம்பிக்கைகளைப் பற்றியும் பேச வேண்டும். வாடை பழகிவிட்டது என்பார்கள். மூக்கு பழகுவது உண்மை. சில நிமிடங்களில் அது மரத்துப்போய் வாடையைச் சொல்வதை நிறுத்திவிடும். உடல் பழகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. பால் குடித்தால், வாழைப்பழம் சாப்பிட்டால் கெமிக்கல் இறங்கிவிடும் என்பார்கள். நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்ததை இரைப்பைக்குப் போகும் பால் ஒன்றும் செய்யாது. ஏர்கான் இருக்கிறதே என்பார்கள். சாதாரண ஏர்கான் உள்ளே இருக்கும் காற்றையே குளிரவைத்துத் திரும்ப அனுப்புகிறது, ஆவியையும் சேர்த்து. முகமூடி போட்டிருக்கிறேன் என்பார்கள். காகித மூடியும் என்95-உம் தூசுக்கானவை, ஆவி அவற்றின் ஊடே தாராளமாகப் போகும். ஆவிக்குக் கரித்தூள் வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும். அந்தக் கரியும் நிறைந்ததும் மாற்ற வேண்டும். கையுறையிலும் இதே சிக்கல். நீலநிற நைட்ரைல் உறை எண்ணெய்க்கு நல்லது. அசிட்டோனும் டொலுவீனும் அதைக் கடந்துவிடும். உறைக்குள் ஊறிய கை, உறையே போடாத கையைவிட மோசம், ஏனென்றால் அங்கிருந்து ஆவியாகிப் போக வழியில்லை.

இவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். டொலுவீன் ஆவி மூன்று மடங்கு, டிரைகுளோரோஎத்திலீன் ஆவி நாலரை மடங்கு. அது தாழ்ந்த இடத்தில் தேங்கும். கப்பலின் அடித் தொட்டியிலும் குழியிலும் இறங்குபவர் மேலே நிற்பவரைவிடப் பல மடங்கு சுவாசிப்பார். அங்கே மயங்கி விழுந்தவரைக் காப்பாற்ற மூச்சுக் கருவி இல்லாமல் குதித்தவரும் விழுவது தொட்டி விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது. தீப்பொறி பட்டால் பல கரைப்பான்களின் ஆவி வெடிக்கவும் செய்யும். 1978 அக்டோபரில் ஜூரோங் கப்பல் பட்டறையில் எண்ணெய் ஆவி தீப்பற்றி 'ஸ்பைரோஸ்' கப்பல் வெடித்து 76 பேர் இறந்ததைச் சிங்கப்பூர் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. மெதுவாக நடக்கும் சேதத்துக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. பட்டறைச் சத்தத்தோடு டொலுவீனோ ஸ்டைரீனோ சேர்ந்தால் காது இன்னும் வேகமாகக் கெடும் என்பது நிறுவப்பட்ட செய்தி. சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மைதான் சிங்கப்பூரில் நெடுங்காலம் அதிகமாகப் பதிவான தொழில்நோய். அதில் கரைப்பானின் பங்கை எத்தனை பேருக்குக் கணக்கிட்டிருப்பார்கள்?

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 2006-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளி மேல் தெளிவான கடமையைச் சுமத்துகிறது. 2011-ஆம் ஆண்டு மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, பென்சீன், டிரைகுளோரோஎத்திலீன், பெர்குளோரோஎத்திலீன் ஆகியவற்றோடு வேலை செய்வோருக்குச் சேரும்போதும் அதன்பின் குறித்த இடைவெளியிலும் பரிசோதனை கட்டாயம். இரத்தத்தைச் சோதிப்பார்கள். சிறுநீரில் அந்தக் கரைப்பான் உடைந்த துண்டைத் தேடுவார்கள். உடலுக்குள் உண்மையில் எவ்வளவு போனது என்று சொல்லும் நேர்மையான சாட்சி அந்தச் சிறுநீர்க் குப்பிதான். டொலுவீனும் சைலீனும் ஹெக்சேனும் அந்த விதிகளின் பட்டியலில் இடம்பெறவில்லை. டொலுவீனின் கேட்டை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன ஊரில் இந்த இடைவெளி எனக்கு வருத்தமளிக்கிறது.

நோய்க்கும் இழப்பீடு கேட்கலாம்; வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் விபத்தோடு தொழில்நோய்களையும் சேர்த்தே பேசுகிறது, வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் அது பொருந்தும். ஆனால் தலை சுற்றுகிறது, மறதியாக இருக்கிறது என்று ஒருவர் வாய் திறப்பதற்குக் குறுக்கே அவருடைய வேலை அனுமதி நிற்கிறது. அது ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. எம்சி என்ற மருத்துவ விடுப்பு கேட்டால் கூலி குறையுமோ, அனுமதியை ரத்து செய்து டிக்கெட் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் பனடால் விழுங்கிவிட்டு மறுநாள் லாரி ஏறுகிறார்கள். தேக்காவில் இலவச உணவு தரும் டிடபிள்யூசி2 போன்ற தொண்டு அமைப்புகளிடம் வருபவர்களில் கை முறிந்தவர்கள் உண்டு, முதுகு போனவர்கள் உண்டு. எலும்பு முறிவை எக்ஸ்ரே காட்டும். நினைவு மங்கியதை எந்தப் படத்தைக் காட்டி நிரூபிப்பது?

நிரூபிப்பதே இவ்வளவு கடினம் என்பதால் சேதத்தை முதலிலேயே தடுக்க வேண்டும்; அதிலும் முகமூடியை மட்டும் பேசி நிறுத்துவது தொழிலாளி தலையில் பொறுப்பைக் கட்டிவிடுவதாகும். முதல் கேள்வி, இந்தத் திரவம் இங்கே தேவையா, தண்ணீரோடு சோப்புக் கலவையால் இதே வேலை முடியுமா என்பது. முடியாவிட்டால் தொட்டிக்கு மூடி, ஆவி எழும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்றும் குழாய். அந்தக் குழாய் ஆளின் முகத்துக்கு அப்பால் இழுக்க வேண்டும். தலைக்கு மேலே மாட்டினால் ஆவி மூக்கைக் கடந்துதான் மேலே போகும். இவை எல்லாம் செய்த பிறகும் மிஞ்சுவதற்குத்தான் முகக்கவசம். பட்டறையில் இதற்கு ஆகும் செலவு ஒரு தொழிலாளியின் கல்லீரலோடு ஒப்பிடக்கூடியதே இல்லை.

கடைசியாக, ஊர் திரும்புகிறவரைப் பற்றி. பென்சீனால் வரும் இரத்தப் புற்றுநோய் பல ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். அதற்குள் அவர் சிங்கப்பூரை விட்டு, அறந்தாங்கியிலோ மன்னார்குடியிலோ கடை வைத்திருப்பார். திருச்சியிலோ தஞ்சாவூரிலோ மருத்துவர் கேட்டால் 'சிங்கப்பூர்ல கம்பெனி வேலை சார்' என்பார். எந்தக் கம்பெனி, எந்தப் பீப்பாய், எத்தனை ஆண்டு, சிறுநீரில் என்ன அளவு என்ற தகவலெல்லாம் உட்லண்ட்ஸில் ஏதோ ஓர் அலுவலகக் கோப்பில் கிடக்கும். பீப்பாயின் பெயர்ச்சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பதும், ஒவ்வொரு பரிசோதனை முடிவின் நகலையும் கேட்டு வாங்குவதும் இன்றே செய்யக்கூடியவை. ஆனால் அது தொழிலாளியின் சாமர்த்தியத்தில் விடப்படக் கூடாது. விடைபெறும் நாளில் கடைசிச் சம்பளத்தோடு, எந்தெந்தக் கரைப்பானில் எவ்வளவு காலம் வேலை செய்தார் என்று எழுதி, சோதனை முடிவுகளை இணைத்த ஒரு தாளை அவர் கையில் கொடுக்கும்படி மனிதவள அமைச்சு விதியாக்கலாம். தமிழிலும் வங்காளத்திலும் சீனத்திலும் ஒரு பக்கம் போதும்.